திடீரென மங்கும் பார்வையும் நெடுநாள் லைம் நோயும்



மாற்கு நற்செய்தியாளர் மட்டுமே நமக்குத் தந்திருக்கும் ஒரு நிகழ்வு உண்டு (மாற் 8:22-26). பெத்சாய்தாவில் பார்வையற்ற ஒருவரை இயேசுவிடம் அழைத்து வருகிறார்கள். இயேசு அவருடைய கையைப் பிடித்து ஊருக்கு வெளியே கூட்டிச் செல்கிறார். அவருடைய விழிகளில் உமிழ்ந்து, கைகளை அவர்மேல் வைத்தபின், கண்ணுக்கு எதுவும் புலப்படுகிறதா என்று அவரிடமே கேட்கிறார். அந்த மனிதர் மழுப்பவில்லை. ஆள்கள் தெரிகிறார்கள், ஆனால் நடமாடும் மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கைகளை வைக்கிறார். அதன்பிறகே அவருக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

படிப்படியாக நடந்ததாக நற்செய்திகள் சொல்லும் குணமளித்தல் இது ஒன்றுதான். பொதுக்காலத்தின் 6-ஆம் வாரம் புதன்கிழமைத் திருப்பலியில் இதை வாசிக்கக் கேட்கிறோம். பல ஆண்டுகளில் அந்த நாள், பிப்ரவரி 11-ஆம் நாள் கொண்டாடப்படும் உலக நோயாளர் நாளை ஒட்டியே வருகிறது. இந்த நிகழ்வில் நம் சிந்தனைக்குரியவை இரண்டு. ஒன்று, இயேசு கேட்கிறார். மற்றொன்று, நோயாளர் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

நெடுநாள் நோயோடு வாழும் பலருக்கு, ஒருநாள் சற்றும் எதிர்பாராமல் பார்வையில் மாற்றம் வருகிறது. கண்முன் மின்னல் போல ஒளி வெட்டுகிறது. ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. ஒரு பக்கம் திரை விழுந்தது போல் இருள்கிறது. அந்த நேரத்தில் அவர் யாரிடம் சொல்வார்? சொன்னால் யார் நம்புவார்? இதையே லைம் நோயை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே சிந்திப்போம். இந்த நோய் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா போன்ற ஐரோப்பிய நாடுகளிலும் மிகுதி. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அந்த நாடுகளில்தான் வேலை செய்கிறார்கள், படிக்கிறார்கள், குடியேறி வாழ்கிறார்கள். தொலைபேசியில் அவர்கள் இந்த நோயின் பெயரைச் சொல்லும்போது, அது என்னவென்று இங்கிருக்கும் பெற்றோருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

லைம் நோய் என்பது என்ன?

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1970-களில் அந்த ஊரிலும், பக்கத்திலுள்ள ஓல்டு லைம், ஈஸ்ட் ஹாடம் ஆகிய ஊர்களிலும் பல சிறுவர்களுக்கு முழங்கால் வீங்கியது. சிறுவர்களுக்கு அரிதாகவே வரும் மூட்டுவாதம் இத்தனை பிள்ளைகளுக்கு ஒரே வட்டாரத்தில் வந்தது எப்படி? பாலி மர்ரி என்ற தாயும் அவருடைய குடும்பத்தாரும் பல ஆண்டுகளாகவே காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி எனத் துன்பப்பட்டு வந்தனர். மனத்தளவிலான பிரச்சினையாக இருக்கலாம் என்று கூட அவரிடம் சொல்லப்பட்டது. அவர் மனம் தளரவில்லை. யாருக்கு, எந்த நாளில், என்ன வந்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். 1975-இல் அவரும் அவ்வூர்த் தாய் இன்னொருவரும் சுகாதாரத் துறையினரிடம் முறையிட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் ஆலன் ஸ்டீர் அவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். 39 சிறுவர்களும் 12 பெரியவர்களுமாக 51 பேரைப் பற்றிய ஆய்வு 1977-இல் வெளிவந்தது. 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிவியலாளர் உண்ணியின் குடலில் சுருள் வடிவப் பாக்டீரியாவைக் கண்டார். அவர் பெயராலேயே அது 'பொரேலியா பர்க்டார்ஃபெரி' என்று அழைக்கப்படுகிறது.

மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணியை நாம் அறிவோம். லைம் நோயைப் பரப்புவது அதற்கு உறவான, காட்டோரப் புல்லிலும் சருகிலும் வாழும் வேறொரு வகை உண்ணி. அதன் இளம்பருவம் ஒரு கசகசா அளவே இருக்கும். கடித்தால் வலிக்காது. பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் உடலில் ஒட்டியிருந்தால்தான் நோய் பரவும். எனவே வெளியே போய் வந்ததும் உடலைச் சோதித்து, உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுத்துவிடுவதே முதல் பாதுகாப்பு.

கடித்த 3 முதல் 30 நாள்களுக்குள், நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்குத் தோலில் படர்ந்து விரியும் ஒரு தடிப்பு வருகிறது. பெரும்பாலும் அது வலிக்காது, அரிக்காது. படங்களில் காட்டப்படும் வளையம் போன்ற சிவப்பு எல்லாருக்கும் வருவதில்லை. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமலும் போகலாம். அங்கே வாழும் நம் பிள்ளைகள் இதை நினைவில் வைக்க வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தை 10 முதல் 14 நாள் வரை எடுத்தாலே பெரும்பாலோர் நலமடைகிறார்கள். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெறுவதாக அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் மதிப்பிட்டுள்ளது.

ஆனால் சிகிச்சைக்குப் பின்னும், நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் களைப்பு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மாதக்கணக்கில் தொடர்கின்றன. மருத்துவர்கள் இதைச் 'சிகிச்சைக்குப் பிந்தைய லைம் நோய்த் தொகுதி' என்கிறார்கள். நோயாளர் பலர் 'நெடுநாள் லைம் நோய்' என்கிறார்கள். இந்த இரண்டாவது பெயரை மருத்துவ உலகில் பெரும்பாலோர் ஏற்பதில்லை. லைம் கிருமி இருந்ததற்குச் சான்றே இல்லாதவர்களும் அந்தப் பெயருக்குள் சேர்க்கப்படுகிறார்கள் என்பதே அவர்கள் சொல்லும் காரணம். பெயரைப் பற்றிய வாதம் அறிஞர்களுடையது. துன்பமோ மெய்யானது. அதில் யாருக்கும் ஐயம் வேண்டாம்.

கண்ணில் என்ன நிகழ்கிறது?

லைம் கிருமி கண்ணைத் தாக்குவது குறைவே. ஆயினும் தாக்குவதுண்டு. தொடக்க நாள்களில் கண் சிவந்து உறுத்தலாம். பின்னர் கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டு, வலியும் கூச்சமும் மங்கலும் வரலாம். கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும் நரம்பு பாதிக்கப்பட்டால் ஒன்று இரண்டாகத் தெரியும். முக நரம்பு பாதிக்கப்பட்டு முகவாதம் வந்தால் இமை முழுமையாக மூடாது. அப்போது கருவிழி உலர்ந்து புண்ணாகும். அவர்களுக்குச் சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டிவைப்பதும் தேவைப்படும். மிக அரிதாகப் பார்வை நரம்பே வீங்கலாம். சிறுவர்களுக்கு மூளையுறை அழற்சியோடு தலைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை கெடுவதும் உண்டு.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. நெடுநாள் லைம் நோயோடு வாழும் ஒருவருக்குத் திடீரெனப் பார்வை மாறினால், அதற்குக் காரணம் லைம் நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற பொருள் சுருங்கி, விழித்திரையை இழுக்கலாம். அதனால் மின்னலும், மிதக்கும் கரும்புள்ளிகளும் தோன்றும். பெரும்பாலும் இதனால் கேடில்லை. சிலருக்கு மட்டும் விழித்திரை கிழிந்துவிடுகிறது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கோணல் மாணலாக மின்னும் கோடுகள் மெதுவாக விரிந்து, 5 நிமிடத்திலிருந்து 60 நிமிடத்துக்குள் மறைந்துவிடும். பின்னர் தலைவலி வரலாம், வராமலும் போகலாம். படுக்கையிலிருந்து சட்டென எழுந்ததும் சில விநாடிகள் கண் இருட்டுவது, இரத்த அழுத்தம் இறங்குவதால் இருக்கலாம். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்களுக்குக் கண்ணின் இரத்தக் குழாய்களில் கோளாறு வரலாம். இவை எல்லாம் லைம் நோய் வந்த உடலிலும் நிகழக்கூடியவையே.

மருந்தும் காரணமாகலாம்

பலர் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். லைம் நோய்க்குத் தரப்படும் டாக்சிசைக்ளின் மருந்தே, அரிதாகச் சிலருக்குத் தலைக்குள் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அப்போது விடாத தலைவலி, இரட்டைப் பார்வை, குனிந்து நிமிரும்போது சில விநாடிகள் பார்வை மறைதல் ஆகியவை வரும். கவனியாமல் விட்டால் பார்வை நிலையாகவே குறைந்துவிடக்கூடும். 'நோய் முற்றுகிறது, இன்னும் கூடுதலாக மருந்து வேண்டும்' என்று நினைத்து அதையே தொடர்ந்து விழுங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! அதுபோலவே, சிலருக்குக் கூடவே தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து, பல ஆண்டுகள் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம். அதை எடுப்பவர்கள் குறித்த கால இடைவெளியில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். எனவே கண் மருத்துவரிடம் போகும்போது எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளையும், மூலிகை, வைட்டமின் மாத்திரை உட்பட, கையோடு கொண்டு போவது நல்லது. மருத்துவரைக் கேட்காமல் நாமாக எந்த மருந்தையும் நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது.

மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுத்தால் நெடுநாள் தொல்லை தீருமா என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2001-இல் அமெரிக்காவிலும், 2016-இல் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் வெளியாயின. நீண்டகால மருந்து, வெற்று மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்பதே அவற்றின் முடிவு. நரம்பு வழியாக மாதக்கணக்கில் மருந்து ஏற்றிக்கொண்ட சிலருக்குக் கடுமையான தொற்றுகள் ஏற்பட்டதை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2017-இல் எடுத்துக் கூறி எச்சரித்தது. துன்பத்தில் இருப்பவர் எதையும் பிடித்துக்கொள்ளத் துடிப்பது இயல்பு. அவருக்கு நாம் தர வேண்டியது கண்டனமல்ல, நல்ல வழிகாட்டல்.

இரண்டு தவறான தீர்ப்புகள்

நெடுநாள் நோயாளர்மீது இரண்டு தீர்ப்புகள் எளிதில் விழுகின்றன. முதல் தீர்ப்பு: 'இதுவும் அந்தப் பழைய நோய்தான்.' இதை நோயாளரே பல வேளைகளில் தமக்குச் சொல்லிக்கொள்கிறார். ஆண்டுக்கணக்கில் புதுப்புது வலிகளைக் கண்டு பழகியவர், புதிதாக ஒன்று வந்தால் அதையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார். 'மறுபடியும் மருத்துவமனையா?' என்ற அலுப்பு அவருக்கு. வீட்டாரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற தயக்கம் வேறு. இப்படி ஒருநாள், இரண்டு நாள் என்று தள்ளிப்போடுவதற்குள், கிழிந்த விழித்திரை கழன்று, பார்வையின் நடுப்பகுதி வரை பிரிந்துவிடலாம். அதன்பின் அறுவைச் சிகிச்சை செய்தாலும் பழைய பார்வை முழுமையாகத் திரும்புவது கடினம்.

இரண்டாவது தீர்ப்பு: 'இதெல்லாம் மனப்பிரமை.' பரிசோதனையில் எதுவும் தெரியாத நோயைச் சுமப்பவர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. பலமுறை இதைக் கேட்டவர், அடுத்தமுறை வாயே திறக்க மாட்டார். உண்மையான ஆபத்து வரும்போதும் சொல்லாமல் இருந்துவிடுவார். நம்பாமை இப்படித்தான் ஒருவரின் கண்ணையே பறித்துவிடக்கூடும்.

இரண்டு தீர்ப்புகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், அடிப்படையில் ஒன்றே. இரண்டிலும் யாரும் கேட்பதில்லை. பெத்சாய்தாவில் ஆண்டவர் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்: இப்போது என்ன தெரிகிறது? எப்போது தொடங்கியது? ஒரு கண்ணிலா, இரண்டிலுமா?

தள்ளிப்போடக் கூடாத அடையாளங்கள்

நெடுநாள் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்வருவனவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

1. திடீரென நிறையக் கரும்புள்ளிகள் மிதப்பது, ஒளி வெட்டுவது, அல்லது ஒரு பக்கத்திலிருந்து திரை போல நிழல் இறங்குவது.

2. ஒரு கண்ணிலோ இரு கண்களிலோ பார்வை திடீரென மறைவது. சில நிமிடங்களில் அது திரும்பிவிட்டாலும் சரி. 'போய்விட்டது, சரியாகிவிட்டது' என்று விட்டுவிடக் கூடாது. அது பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

3. புதிதாக வரும் இரட்டைப் பார்வை. ஒரு கண்ணை மூடினால் அது மறைகிறதா என்று பார்த்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மறைந்தால் கண்களைத் திருப்பும் நரம்பிலோ தசையிலோ கோளாறு இருக்கலாம்.

4. கண்ணை அசைத்தால் வலி, நிறங்கள் வெளிறித் தெரிதல், குறிப்பாகச் சிவப்பு மங்கித் தெரிதல்.

5. கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் மங்குவது.

6. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் புதிய தலைவலி, தலை வாரும்போது வலி, மெல்லும்போது தாடைவலி ஆகியவற்றோடு பார்வை மாறுவது. தலையிலுள்ள இரத்தக் குழாய்களின் அழற்சியால் இது வரலாம். உடனே மருந்து தராவிட்டால் அடுத்த கண்ணும் போய்விடக்கூடும்.

பார்வை மாற்றத்தோடு முகம் கோணுதல், கை கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாது. அமெரிக்காவில் 911, ஐரோப்பாவில் 112, நம் நாட்டில் 108 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பார்வை தடுமாறும்போது தாமே வண்டி ஓட்டிக்கொண்டு போகவே கூடாது. மின்னும் கோடுகள் முதல்முறை வந்தால், அது ஒற்றைத் தலைவலிதான் என்று வீட்டிலேயே முடிவு செய்வதும் சரியல்ல. மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும்.

மருத்துவரிடம் சொல்லும் சொல்லிலும் ஒரு முறை இருக்கிறது. 'எனக்கு நெடுநாள் லைம் நோய்' என்று தொடங்கினால், உரையாடல் அந்தப் பெயரிலேயே நின்றுவிடலாம். 'நேற்று மாலை 4 மணிக்கு, வலது கண்ணில், கீழ்ப்பக்கத்திலிருந்து இருட்டு ஏறியது. பத்து நிமிடம் இருந்தது' என்று முதலில் சொல்ல வேண்டும். பழைய நோயையும் மருந்துகளையும் அதன்பின் சொல்லலாம். இதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். நாள், நேரம், எந்தக் கண், எவ்வளவு நேரம், கூடவே என்ன இருந்தது என்று எழுதி வைக்கலாம். லைம் ஊரின் அந்தத் தாய் எழுதி வைத்த குறிப்புகள் ஒரு நோயையே உலகுக்கு வெளிப்படுத்த உதவின என்பதை மறவாதிருப்போம்.

தோபித்தின் வீட்டில்

நோயாளரின் வீட்டை நன்கு அறிந்த நூல் ஒன்று நம் திருவிவிலியத்தில் இருக்கிறது. தோபித்து இறந்தோரை அடக்கம் செய்த நல்லவர். ஆனாலும் குருவிகளின் எச்சம் கண்ணில் விழுந்து பார்வை இழக்கிறார். மருத்துவர்களிடம் போகிறார். அவர்கள் மருந்து போடப் போட, வெண்படலம் இன்னும் மோசமாகிறது. 4 ஆண்டுகள் இருளில் இருக்கிறார். மனைவி அன்னா கூலிக்கு நெய்து குடும்பத்தைக் காக்கிறார். ஒருநாள் கூலியோடு ஓர் ஆட்டுக்குட்டியும் கிடைக்கிறது. தோபித்தோ அது திருட்டு ஆடு என்று மனைவியைச் சந்தேகிக்கிறார். அன்னா எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் அவரும் பொறுமை இழந்து சுடுசொல் சொல்கிறார்.

புனிதர்களின் வீட்டில்கூட இப்படி நடந்ததா என்று நாம் வியக்கலாம். ஆம், நடந்தது. பார்க்க முடியாதவருக்குக் காதில் விழுவதெல்லாம் ஐயமாகிறது. உழைத்துக் களைத்தவருக்குப் பொறுமை வற்றிப்போகிறது. இதைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. நோயாளரைப் பராமரிப்பவரும் களைத்துப்போகிறார் என்பதை அறிந்து, அவருக்கும் நாம் தோள் கொடுக்க வேண்டும். அகிக்கார் என்ற உறவினர் தோபித்தை 2 ஆண்டுகள் தாங்கியதாகவும் அந்த நூல் சொல்கிறது. நம் ஒவ்வோர் அன்பியத்திலும் ஓர் அகிக்கார் தேவைப்படுகிறார் அல்லவா?

'விசுவாசம் போதாதா?'

குணமளிப்புச் செபக் கூட்டங்களுக்குச் சென்று வந்தும் குணமாகாதவரிடம், 'உங்கள் விசுவாசம் போதவில்லை' என்று சிலர் சொல்வதுண்டு. முன்னோரின் பாவம், சாபம் என்று சொல்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி புதிதல்ல. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவம், இவரா, இவருடைய பெற்றோரா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள் (யோவா 9). இருவருமல்ல என்று இயேசு தெளிவாக மறுத்துவிட்டார். பெத்சாய்தாவின் மனிதர் அரைகுறையாகத்தான் தெரிகிறது என்று சொன்னபோதும், அவருடைய நம்பிக்கையை இயேசு குறை கூறவில்லை. 'முழுமையாகத் தெரிகிறது' என்று பொய் சொல்லியிருந்தால் அவர் அரைகுறைப் பார்வையோடே வீடு திரும்பியிருப்பார். உண்மையைச் சொல்வது விசுவாசக் குறைவல்ல. அதுவே செபம்.

மருத்துவரைத் தேடிப் போவதும் விசுவாசக் குறைவல்ல. மருத்துவரை மதிக்கவும், நோயில் இறைவனிடம் மன்றாடவும், மருத்துவருக்கும் இடம் கொடுக்கவும் சீராக்கின் ஞானம் 38-ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. இறைவேண்டலும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டும் ஒரே ஆண்டவரின் கொடைகள்.

திருச்சபை நீட்டும் கை

நம் தாத்தா பாட்டிகள் 'அவஸ்தைப்பூசுதல்' என்று அழைத்த அருளடையாளத்தை, இறக்கும் நேரத்துக்கு உரியது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். குருவானவர் எண்ணெயோடு வந்தால் அச்சப்படுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை 'நோயில்பூசுதல்' என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972-இல் திருத்தந்தை புனித ஆறாம் பவுல் இதன் சடங்குமுறையைப் புதுப்பித்தார். கடுமையான நோயால் அவதிப்படுபவர் இதைப் பெறலாம். நோய் தணிந்து மீண்டும் கூடினால், மறுபடியும் பெறலாம். பார்வையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் இருப்பவரும், ஆண்டுக்கணக்கில் நோயைச் சுமப்பவரும் தயங்காமல் தம் பங்குத்தந்தையிடம் பேசலாம்.

திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல், மனிதத் துன்பத்தின் பொருளைப் பற்றி 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று ஒரு திருத்தூது மடலை எழுதினார். நல்ல சமாரியரின் உவமை அதில் ஒரு முக்கிய இடம் பெறுகிறது. பிறருடைய துன்பத்தின் அருகில் நின்று, அதைப் பார்த்து, செயல்படுபவரே நல்ல சமாரியர் என்பது அம்மடலின் கருத்து. 1993 முதல் அதே பிப்ரவரி 11-ஐ உலக நோயாளர் நாளாகத் திருச்சபை கொண்டாடி வருகிறது.

பங்குச் சமூகமாக நாம் என்ன செய்யலாம்?

பெரிய செயல்கள் தேவையில்லை. நோயுற்றோரைச் சந்திக்கும் மரியாயின் சேனையினரும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், நற்கருணைப் பணியாளர்களும் 'எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டபின், பதிலுக்காகச் சற்றுக் காத்திருக்கலாம். 'பார்க்க நன்றாகத்தானே இருக்கிறீர்கள்' என்ற சொல்லைத் தவிர்க்கலாம். ஆறுதலுக்காகச் சொல்லப்பட்டாலும் அது நோயாளரின் காதில் 'நம்பவில்லை' என்றே ஒலிக்கிறது. மருத்துவமனைக்குத் துணையாகப் போக ஒருவர் முன்வரலாம். தனியாக வாழ்பவரின் வீட்டுச் சாவியும் தொலைபேசி எண்ணும் நம்பிக்கைக்குரிய ஓர் அயலாரிடம் இருக்கட்டும்.

ஆலயத்திலும் சிறு மாற்றங்கள் உதவும். வெளிச்சம் கூசுபவர்களுக்கு மின்னும் விளக்குகளிலிருந்தும் கேமரா ஒளியிலிருந்தும் விலகிய இடத்தை ஒதுக்கலாம். சில பாடல் தாள்களைப் பெரிய எழுத்தில் அச்சிடலாம். கருப்புக் கண்ணாடி அணிந்து திருப்பலிக்கு வருபவரைப் பார்த்து முகம் சுளிக்காதிருக்கலாம். ஒரு ஞாயிறு அவர் வரவில்லையென்றால், 'ஏன் வரவில்லை?' என்று கேட்பதைவிட, 'உங்களைத் தேடினோம்' என்று சொல்வது எவ்வளவு இனிமை!

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடமும் பேசுவோம். 'வேலை இருக்கிறது, வார இறுதியில் மருத்துவரைப் பார்க்கிறேன்' என்று மகனோ மகளோ சொன்னால், 'கண் விஷயம் தங்கமே, இன்றைக்கே போ' என்று அன்போடு வற்புறுத்துவோம். தொலைவில் இருந்தாலும் பெற்றோரின் சொல்லுக்கு இன்றும் வலிமை உண்டு.

நோயோடு வாழும் அன்பர்களே, உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் உடலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லத் தயங்காதீர்கள். முதலில் கேட்டவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல்லுங்கள். எரிகோவின் பர்த்திமேயுவைப் பலர் அதட்டி அடக்கினார்கள். அவரோ இன்னும் உரக்கக் கத்தினார். அந்தக் குரலைக் கேட்டு ஆண்டவர் நின்றார். அவரிடமும் இயேசு முதலில் ஒரு கேள்வியைத்தான் கேட்டார். தமக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்.

கண் நோயுற்றோரின் பாதுகாவலியாகிய புனித லூசியாவின் விழாவை டிசம்பர் 13-ஆம் நாள் கொண்டாடுகிறோம். ஒளி என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அந்தப் புனிதையின் பரிந்துரையை நாடி இவ்வாறு மன்றாடுவோம்:

ஆண்டவரே, பெத்சாய்தாவில் பார்வையற்றவரின் கையைப் பிடித்து நடத்தியவரே, நெடுநாள் நோயால் சோர்ந்திருக்கும் எம் சகோதர சகோதரிகளைத் தொட்டருளும். அவர்களின் கண்களையும் மனத்தையும் காத்தருளும். மருத்துவர்களுக்குத் தெளிந்த அறிவையும், வீட்டாருக்குக் குறையாத பொறுமையையும் தாரும். அருகில் இருப்போரின் துன்பத்தைக் காண எங்களுக்குக் கண்களையும், அவர்கள் சொல்வதைக் கேட்கச் செவிகளையும் தாரும். ஆமென்.